பதினான்கில் ஒரு பங்கு

மணிக்கு ஆயிரத்து நானூறு, ஒன்பது மணி நேரம்.
ஜேசிபிக்காரர் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்த ரசீதின்படி
பன்னிரண்டாயிரத்து அறுநூறு.
வீடுகள் பதினான்கு.
வகுத்தால் மிச்சமில்லாமல் தொள்ளாயிரம்.
நான் சங்கப் பொருளாளராக இருக்கும் நாலு வருஷத்தில்
இத்தனை சுத்தமாக எதுவும் வகுபட்டதில்லை.

பணம்தான் வரவில்லை.

மூன்றாம் எண் சொன்னார்:
"என் வீடு கேட்டை ஒட்டி, மேடம்.
சரிவு விழுந்தது ஆறாம் எண்ணுக்கு மேலே.
என் வாசலுக்கு வராத மண்ணுக்கு நான் ஏன் கட்டணும்?"
பதினோராம் எண் பூட்டிக் கிடக்கிறது.
சொந்தக்காரர் நவநீதன் அஸ்தம்பட்டியில் இருக்கிறார்,
மலர்க் கண்காட்சிக்கு மட்டும் ஏற்காடு ஏறுவார்.
அப்புறம் பேசுகிறேன் என்றார்.
அந்த அப்புறம்
இன்னும் இருபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து வந்து சேரவில்லை.

எட்டாம் எண்ணின் மகன் மின்னசோட்டாவிலிருந்து
நடுராத்திரியில் கூப்பிட்டான்:
"இங்க பனி அள்ளறதுக்கே மாசாமாசம் கட்டறோம் ஆன்ட்டி,
பனி விழாத மாசத்துக்கும் சேர்த்து.
தொள்ளாயிரம் அனுப்பிட்டேன்."

பனியை அள்ளுவதா?
எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.
எங்கள் பனி
கேட் விளக்கையும் சில்வர் ஓக்கையும்
அதில் ஏறிய மிளகுக் கொடியையும்
எட்டாம் எண்ணையே முழுசாகவும் எடுத்து வைத்திருந்தது.
காலை ஒன்பது மணிக்கு
ஒன்று குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடும்.
அவன் ஊர்ப் பனிக்கு எடை உண்டு போல.

மண் விழுந்தது வியாழன் இரவு.
ஜேசிபி வந்தது சனிக்கிழமை.
நடுவில் ஒரு வெள்ளி இருந்தது, ரசீதில் இல்லாமல்.

ஆறரை மணிக்குக்
காப்பிப் பழம் பறிக்கப் போகிற ஏழு பேர்
எங்கள் சாலையில் வந்து நின்றார்கள்.
சங்கத்தில் அவர்கள் கிடையாது.
சாலையில் தினமும் உண்டு.
ஒருத்தி தூக்குவாளியை ஓரமாக வைத்தாள்.
மண்வெட்டி இரண்டு, அன்னக்கூடை ஒன்று,
மற்றவர்களுக்குக் கை.
ஏழரைக்குள் ஒரு ஆள் போகும் அகலத்துக்கு வழி.
அதில் நடந்துதான் நான் பால் வாங்கி வந்தேன்.
மூன்றாம் எண்ணின் நாயும் அதில்தான் நடந்தது.

சனிக்கிழமை டிரைவர் கேட்டார்:
"மண்ண எங்க தள்ளட்டும்?"
கை காட்டினேன், பள்ளத்துப் பக்கம்.
யோசித்துக் காட்டவில்லை.
பள்ளத்துக்குக் கதவு எண் கிடையாது.

திங்கட்கிழமை கேட்டருகே இருசாயி.
முழங்கால்வரை செம்மண்.
சண்டைக்கு வந்த முகம் இல்லை,
தவறி வந்த பார்சலைத் திருப்பித் தர வந்த முகம்.
"பதினாறு காப்பிச் செடி. தண்ணி வர்ற குழா.
மூடிக் கெடக்குதுங்க.
மண்ணு உங்களுதுதான,
ஆளவிட்டு எடுத்துக்கச் சொல்லுங்க."

ஜேசிபி இறங்க அங்கே வழியில்லை.
ஆறு ஆள், இரண்டு நாள், ஆளுக்கு எழுநூறு.
எட்டாயிரத்து நானூறு.
பதினான்கால் வகுத்தால் அறுநூறு.
இதுவும் மிச்சமில்லாமல்!
எனக்கே கூச்சமாக இருந்தது.

ஆள் யார் என்று கேட்டேன்.
"நாங்கதான், வேற யாரு" என்றாள்.
அப்போதுதான் கையில் இருந்த தூக்குவாளி
எனக்கு அடையாளம் தெரிந்தது.

அறிவிப்புப் பலகையில் ஒட்ட
இரண்டாவது தாள் எழுதுகிறேன்.
'சாலைப் பராமரிப்பு' என்று போட்டு அடித்தேன்.
'இதர செலவு' என்று போட்டு அடித்தேன்.
'நம் மண்ணைத் திரும்ப எடுக்க' என்று எழுதினேன்.
மூன்றாம் எண் என்ன சொல்வார் என்று தெரியும்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
ஏழு பேர், ஒரு மணி நேரம்.
வகுத்துப் பார்த்தேன்,
வீட்டுக்கு அரை மணி நேரம் வருகிறது.

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
பேனாவோடு கேட்டடியில் நிற்கிறேன்.
மணி ஒன்பது ஆகிவிட்டது.
பனி இன்னும்
சாலையைத் திருப்பித் தரவில்லை.